வெளிநாட்டுப் பணிக்குப் போய்வந்த படைவீரரின் பேட்டியைப் படமெடுப்பது எப்படி

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் லோக்கல் கேபிளுக்கோ யூடியூப்புக்கோ அரை மணி நேர நிகழ்ச்சி எடுப்பவர்களுக்கு இது. பேசப்போகிறவர் இலங்கைக்கோ லெபனானுக்கோ தெற்கு சூடானுக்கோ போய்வந்து ஓய்வு பெற்றவர். இன்னும் பணியில் இருப்பவர் என்றால், படையின் அனுமதி இல்லாமல் கேமரா முன் உட்கார வைக்காதீர்கள். வம்பு அவருக்குத்தான் வரும்.

முதல் நாள் கேமரா வேண்டாம், நோட்டும் பேனாவும் போதும். டிஸ்சார்ஜ் புக்கை (ஓய்வு பெறும்போது படை தரும் பணிப் பதிவுப் புத்தகம்) கேட்டு வாங்கிப் பார்த்து, தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நினைவில் முதலில் நழுவுவது ஆண்டுதான். இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை ஒட்டி. கடைசி அணி கிளம்பியது 1990 மார்ச் 24. அவர் சொல்லும் ஆண்டு இதற்கு வெளியே விழுந்தால் மறுத்துப் பேசாதீர்கள். "மூத்த பிள்ளை அப்ப பொறந்தாச்சா? அந்த வருஷம் குறுவை போட்டீங்களா?" என்று கேளுங்கள், அவரே சரிசெய்துகொள்வார்.

கடித உறையில் ஊர்ப் பெயரைத் தேட வேண்டாம். 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. (ஏ.பி.ஓ. என்றால் ராணுவத் தபால் நிலையம்) என்ற முகவரி ஆள் எங்கே இருந்தார் என்று காட்டாது. முத்திரைத் தேதிதான் உதவும். 1960களில் ஐ.நா. படையோடு காங்கோ போனவர்கள் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார்கள். பல வீடுகளில் டிரங்குப் பெட்டி மட்டும்தான் மிச்சம் இருக்கும். அதில் கடிதம் கிடைத்தால் தபால்தலையைக் கிட்டத்தில் எடுங்கள். இந்திய வரைபடத் தபால்தலை மேல் 'ஐ.நா. படை (இந்தியா) காங்கோ' என்று ஆங்கிலத்தில் அச்சேற்றி 1962இல் வெளியிட்டார்கள். ஐ.நா. பதக்கங்கள் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். எந்தப் பணி என்று காட்டுவது நாடாவின் நிறம். அதனால் டியூப்லைட்டில் எடுக்காமல் திண்ணை வெளிச்சத்தில் வைத்து எடுங்கள். ஆல்பத்தில் ஒட்டிப்போன போட்டோவைப் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். 600 டிபிஐ வேண்டும்.

இந்த மாதிரி நிகழ்ச்சிகள் கெடுவது பெரும்பாலும் ஒலியில்தான். டெல்டா கிராமத்தில் முதல் எதிரி மோட்டார். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று பக்கத்து வயல்காரரிடம் கேட்டு, அந்த நேரத்தை விட்டுவிடுங்கள். மழை பெய்த மறுநாள் மாலை தவளைச் சத்தத்தில் ஒன்றும் எடுக்க முடியாது, காலையே நல்லது. பெரிய கூடத்தில் குரல் எதிரொலிக்கும். நெல் மூட்டை அடுக்கிய அறை கிடைத்தால் விடாதீர்கள், சாக்கு எதிரொலியை உறிஞ்சிவிடும். காலர் மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே, துண்டு உரசாத இடத்தில் குத்துங்கள். ஒலி அளவு மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கட்டும். அழுத்திப் பேசினால் பூஜ்யத்தைத் தொட்டு உடையக் கூடாது. ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்துங்கள். பைக் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால், கிளம்பும்போது அதை மறுபடி போட மறக்காது. ஃபேன் இல்லாமல் பெரியவர் இருபது நிமிடத்துக்கு மேல் தாங்க மாட்டார், இடைவெளி விடுங்கள்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50. செல்போன் கேமராவை 30 ஃப்ரேமில் விட்டால் டியூப்லைட் வெளிச்சத்தில் பட்டை பட்டையாக ஓடும்.

"எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்று கேட்கவே கேட்காதீர்கள். என்ன சாப்பிட்டார், தண்ணீர் எங்கிருந்து வந்தது, கடிதம் எத்தனை நாளில் கிடைத்தது என்று கேளுங்கள். யாழ்ப்பாணம் போன தமிழ்ச் சிப்பாய் என்றால், கடைத்தெருவில் தமிழ் காதில் விழுந்த முதல் நாளைக் கேளுங்கள். அங்கே ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள், தமிழ்ப் பொதுமக்களும் செத்தார்கள். நிகழ்ச்சியை இரு தரப்பாரும் பார்ப்பார்கள். அவரை நியாயம் சொல்லவோ பழி சுமக்கவோ வைக்காமல், கண்ணால் கண்டதை மட்டும் சொல்லவிடுங்கள். பதில் முடிந்ததும் மனசுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். முக்கியமான வார்த்தை அந்த மௌனத்துக்குப் பிறகே வரும்.

எடிட்டிங்கில் கார்கில் பீரங்கிக் காட்சியை யாழ்ப்பாணப் பேட்டி மேல் ஒட்டாதீர்கள். யாழ்ப்பாணத்தில் இருந்துவிட்டு வந்தவருக்குப் பனிமலையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும், அதன்பின் எதையும் நம்ப மாட்டார். பொருத்தமான காட்சி இல்லையா, அவர் கையையும் அந்த உறையையும் காட்டுங்கள்.

முழுப் பேட்டியையும் பென் டிரைவில் அந்த வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். எம்பி4 ஆக, 4 ஜிபிக்குக் குறைந்த துண்டுகளாக வெட்டிப் போடுங்கள். ஃபேட்32 பென் டிரைவில் அதைவிடப் பெரிய ஃபைல் ஏறாது.