டீயை விட வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள்

கோவை, திருப்பூர் பக்கம் பேக்கரி டீ இல்லாமல் நாள் நகராது. அதை விடச் சொல்ல எனக்கு மனசு வராது. சாப்பிட்டுக் கை கழுவியதும் டீ குடிப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். தேயிலையில் உள்ள டானின் போன்ற பொருட்கள், பருப்பு, கீரை, தானியங்களின் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கின்றன. கம்மஞ்சோறும் கொள்ளுப்பருப்பும் ஆசையாகச் செய்து சாப்பிட்டுவிட்டு, அந்தச் சத்தை ஏன் இழக்க வேண்டும்? ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். காபிக்கும் இதேதான். இரத்தசோகை உள்ள பெண்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கவே கூடாது. அப்புறம், சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொண்டால் அதிலுள்ள வைட்டமின் சி இரும்புச்சத்து சேர உதவும். பனியன் கம்பெனியில் 11 மணிக்கு வரும் டீயைத் தாராளமாகக் குடிக்கலாம். மதியச் சாப்பாட்டை ஒட்டி வருவதைத் தள்ளிப் போட்டால் போதும்.