ராத்திரி உறை போட்டும் புறங்கை வீங்குகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலை ஐந்தரை மணிக்கு அம்மாவின் கையிலிருந்து அந்தத் தடிமனான ஃபோம் உறையைக் கழற்றுவேன். முதல் வாரம் முழுக்க ஒரே காட்சிதான். முழங்கைக்குக் கீழே கை நன்றாக வடிந்திருக்கும், புறங்கை மட்டும் பன் மாதிரி உப்பியிருக்கும். விரல் முட்டிகளுக்கு நடுவே இருக்கிற பள்ளங்கள் தெரியாது. மணிக்கட்டைச் சுற்றி வெல்க்ரோ பட்டை பதிந்த சிவப்புக் கோடு. கட்டை விரலால் புறங்கையை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கும்.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தபோது இடது அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். திசுக்களில் சேரும் நீர்தான் நிணநீர், அது இந்த முடிச்சுகள் வழியாகத்தான் ரத்தத்துக்குத் திரும்பும். அப்புறம் கதிர்வீச்சு. ஒரு வருஷம் கழித்துக் கை கனக்க ஆரம்பித்தது. லிம்ஃபெடிமா என்று டாக்டர்கள் சொல்லும் நிணநீர் வீக்கம். மும்பையில் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் கடைவீதியில் ஒரு கைக்கு மட்டும் தோல் நிறத்தில் ஸ்லீவ் போட்ட மாமிகளைப் பார்த்திருப்பீர்கள். வீக்கம் ஏறாமல் கையை அழுத்திப் பிடிக்கத்தான் அது, பகலுக்கானது. ராத்திரிக்கு மெத்தை மாதிரித் தைத்த வேறு உறை உண்டு.

அதைப் போட்டும் புறங்கை ஏன் வீங்குகிறது? ரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படித் தனியாக ஓர் இதயம் கிடையாது. நிணநீர்க் குழாய்கள் தாமே மெதுவாகச் சுருங்குவதும், தசை அசைவும் மூச்சும்தான் அதை நகர்த்துகின்றன. தூங்கும்போது கைத்தசைக்கு வேலை இல்லை. அக்குளில் வழியும் குறுகிவிட்டது. அந்த நிலையில் இறுக்கம் எங்கே குறைவோ அங்கேதான் நீர் போய்த் தங்கும். உள்ளங்கைத் தோல் அடியோடு ஒட்டிக் கெட்டியாக இருக்கிறது, புறங்கைத் தோல் தளர்வாக இருக்கிறது. அதனால் முதலில் உப்புவது புறங்கை. வீக்கம் தெரிவது கையின் நுனியில் என்றாலும், தவறு பெரும்பாலும் அதற்கு மேலே, மணிக்கட்டிலோ முழங்கையிலோ இருக்கும். எங்களுக்கு இது புரியவே பல நாளானது.

புரியாததால் செய்த முதல் தவறு, மணிக்கட்டுப் பட்டையை இன்னும் இறுக்கியது. “கை வீங்குதே, இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுடி” என்பார் அம்மா. நானும் இழுத்துக் கட்டுவேன். லேபில் ரத்தம் எடுக்கும்போது மேல்கையில் ரப்பர் கட்டினால் கீழே நரம்பு புடைக்கிறதல்லவா, நான் தினமும் ராத்திரி அம்மாவுக்குச் செய்தது கிட்டத்தட்ட அதுதான். இதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அம்மாவை ‘மாவ்ஷி’ (சித்தி) என்று கூப்பிடும் மராட்டியப் பிசியோதெரபிஸ்ட் ஒருவர்தான் திருத்தினார். எல்லாப் பட்டையையும் அவிழ்த்துவிட்டு, விரல் முட்டியை ஒட்டிய பட்டையை முதலில் போட்டார். அது கச்சிதமாக, வலிக்காமல். அடுத்தது மணிக்கட்டு. அப்புறம் மேலே போகப் போக இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய வேண்டும். முழங்கை மடிப்பில் துணி சுருண்டிருக்கக் கூடாது. சுருங்கிய ஒவ்வொரு மடிப்பும் ஒரு கயிறுதான். உறை நீளமாக இருக்கிறது என்று மேல் விளிம்பை மடித்துவிடுவதும் அதே போல. மடித்த இடத்தில் அழுத்தம் கூடி, நீர் மேலே ஏற முடியாமல் நிற்கும்.

கட்டி முடித்ததும் விரல் நகத்தை அழுத்தி விடச் சொன்னார். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். பிறகு மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை விரல்களை மடக்கி விரிக்க வேண்டும். விரல் மரத்தாலோ, ஊசி குத்துகிற மாதிரி இருந்தாலோ, நீலம் பாய்ந்தாலோ நடு ராத்திரியானாலும் கழற்றிவிட வேண்டும். “விடியட்டும்” என்று பொறுத்துக்கொள்வது நம் வீட்டுப் பெண்களின் பழக்கம், இந்த விஷயத்தில் அது வேண்டாம்.

இரண்டாவது தவறு எனக்குக் கண்ணிலேயே படவில்லை. அம்மாவின் உறையில் உள்ளங்கைப் பகுதி தனியாகக் கழலும். காலையில் எனக்கு முன்பே எழுந்துவிட்டால், தண்ணீர் படுமே என்று அந்தப் பகுதியை மட்டும் கழற்றிவிட்டு டிகாஷன் இறக்கப் போய்விடுவார். கையின் மற்ற பகுதி இறுக்கமாக, நுனி மட்டும் திறந்து கிடக்கும். அரை மணி நேரத்தில் புறங்கை திரும்பவும் நிறைந்துவிடும். புறங்கை வீங்கும் சுபாவம் உள்ளவர்கள் மணிக்கட்டோடு முடிகிற ஸ்லீவை மட்டும் போடக் கூடாது, பகலிலும்தான். கழற்றுவதானால் முழுதாகக் கழற்றுங்கள். விரல்களே வீங்கினால் உள்ளங்கை உறை போதாது, விரல்களையும் மூடும் கிளவுஸோ, விரலுக்குத் தனியாகச் சுற்றும் கட்டோ தேவைப்படும். புறங்கைக்கு மட்டும் ஒரு சின்ன ஃபோம் பட்டை வைப்பதும் உண்டு. எங்களுக்கு அது நன்றாக உதவியது. ஆனால் அளவும் இடமும் தெரபிஸ்ட் காட்டித் தர வேண்டும்.

உறை விலை அதிகம் என்று பகல் ஸ்லீவையே ராத்திரியும் போட்டுத் தூங்குபவர்கள் நிறையப் பேர். செலவு எவ்வளவு உறுத்தும் என்று தெரியும், நாங்களும் யோசித்தோம். ஆனால் பகல் ஸ்லீவ் எலாஸ்டிக். பலருக்கும் எழுதித் தருவது 20 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் உள்ளது. கை அசையாமல் கிடந்தாலும் அது விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும், தூக்கத்தில் சுருண்டும் போகும். தெரபிஸ்ட் குறிப்பாகச் சொல்லியிருந்தால் தவிர ராத்திரிக்கு அது வேண்டாம். முறையாகக் கற்றுக்கொண்டு சுற்றினால், அதிகம் இழுபடாத குறு நீட்சிப் பேண்டேஜ் செலவு குறைந்த மாற்று.

படுக்கும் விதமும் முக்கியம். அந்தக் கைப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தாலோ, கையைத் தலைக்கடியில் மடித்து வைத்தாலோ, எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் பயனில்லை. மல்லாந்து படுத்து, தோளிலிருந்து விரல் வரை சாய்வாக ஏறுகிற மாதிரி தலையணை வையுங்கள். மோதிரம், வளையல் எல்லாம் உறைக்குள் இருக்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு உறையை மாட்டாதீர்கள், எலாஸ்டிக் கெடும்.

மும்பை மழைக்காலம் தனிச் சோதனை. ஜூன் முதல் செப்டம்பர் வரை துவைத்த ஃபோம் சீக்கிரம் காயாது. உள்ளே ஈரத்தோடு மாட்டினால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும், அந்த வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போகும். ஃபேனுக்கு அடியில் முழுதாகக் காயவைத்து, உள்ளே மெல்லிய பருத்தி உறை ஒன்று போட்டு அதை மட்டும் தினம் மாற்றுகிறோம்.

வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை கேட்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போகாதீர்கள். அது தண்ணீரைத்தான் வெளியேற்றும், நிணநீரில் உள்ள புரதம் அங்கேயே தங்கித் திரும்பவும் தண்ணீரை இழுக்கும். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அந்த மாத்திரை ஏற்கெனவே கொடுத்திருந்தால், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

கை சிவந்து, சூடாகி, குளிர் காய்ச்சல் வந்தால் அது தோலடித் தொற்று. உறையைக் கழற்றிவிட்டு அன்றே டாக்டரிடம் போக வேண்டும். திடீரென்று முழுக் கையும் வலியோடு வீங்கினாலும் அப்படியே. ரத்தக் கட்டியா என்று பார்த்த பிறகுதான் மறுபடி உறை.

இப்போது தினசரி காலண்டர் தாளில், படுக்கும் முன் ஒரு முறை, எழுந்ததும் ஒரு முறை, விரல் முட்டிகளைச் சுற்றி இன்ச் டேப் வைத்து அளந்து எழுதுகிறேன். போன மாதம் காலை அளவு மூன்று நாள் தொடர்ந்து ஏறியது. உறையையும் தாள்களையும் எடுத்துக்கொண்டு போய், வீட்டில் கட்டுகிற மாதிரியே அந்தப் பிசியோதெரபிஸ்ட் முன்னால் கட்டிக் காட்டினேன். கட்டியது சரிதான். அம்மாவின் கை வடிந்துவிட்டது, வீங்கியிருந்தபோது அளவெடுத்த உறை உள்ளங்கையில் தொளதொளவென்று ஆகியிருந்தது. அந்தப் பகுதிக்கு மட்டும் புதிதாக அளவெடுத்துக் கொடுத்திருக்கிறோம்.