படிவம் 2555: மென்பொருள் போட்ட கணக்கைச் சரிபார்ப்பது எப்படி?

அமெரிக்கக் குடிமக்கள் எந்த நாட்டில் வேலை பார்த்தாலும் அமெரிக்க வருமான வரி அவர்களைத் தொடரும். தகுதி உள்ளவர்கள், வெளிநாட்டில் உழைத்து ஈட்டிய ஊதியத்தில் 2024-ஆம் ஆண்டுக்கு 1,26,500 டாலர் வரை விலக்குப் பெறலாம். இந்த விலக்கை வரிக் கணக்கு மென்பொருள் குறைத்துக் காட்டினால், பிழை பெரும்பாலும் கூட்டல் கழித்தலில் இருக்காது. நாம் உள்ளிட்ட தேதிகளில்தான் இருக்கும்.

இந்த விலக்கைக் கோருவதற்கான படிவம் 2555-இல் 38-ஆம் கட்டத்தை முதலில் பாருங்கள். தகுதிக் காலத்தில் எத்தனை நாட்கள் அந்த வரி ஆண்டுக்குள் விழுகின்றன என்பது அங்கே இருக்கும். அதை ஆண்டின் மொத்த நாட்களால் வகுத்து, முழு விலக்குத் தொகையால் பெருக்கியே உங்கள் உச்சவரம்பு கணக்கிடப்படுகிறது. தகுதிக் காலமாக எடுக்கும் தொடர்ச்சியான 12 மாதங்களில் 330 முழு நாட்கள் வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும் என்பது தகுதி பெறும் வழிகளில் ஒன்று. ஆனால் அந்த 12 மாதங்கள் நீங்கள் போய் இறங்கிய நாளில்தான் தொடங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஒருவர் 2024 ஜூன் 30 அன்று சிங்கப்பூரில் இறங்கி, அதன்பின் அமெரிக்கா திரும்பவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அவருடைய முதல் முழு நாள் ஜூலை 1. அதையே தொடக்கமாக உள்ளிட்டால் 184 நாட்கள் கிடைக்கும். 366-ஆல் வகுத்து 1,26,500-ஆல் பெருக்கினால் வரம்பு சுமார் 63,596 டாலர். மாறாக, 2024 மே 27 முதல் 2025 மே 26 வரையிலான காலத்தை எடுத்துக்கொண்டால், அதற்குள்ளும் சரியாக 330 முழு நாட்கள் இருக்கின்றன. 2024-க்குள் விழுபவையோ 219 நாட்கள். வரம்பு சுமார் 75,693 டாலராக உயர்கிறது. தேதியை மாற்றியதால் மட்டுமே 12,000 டாலருக்கு மேல் வித்தியாசம்! ஒன்றை மறக்க வேண்டாம்: 330 நாட்கள் நிறைவடைந்த பின்னரே தாக்கல் செய்ய வேண்டும், தேவைப்பட்டால் படிவம் 2350 மூலம் அவகாசம் கேட்கலாம்.

அடுத்து, முழு ஊதியமும் ஆண்டு வருமான வரிப் படிவமான 1040-இல் ஒரே ஒரு முறை வருமானமாக ஏறியிருக்கிறதா, விலக்குத் தொகை அதன் இணைப்பு 1-இன் (Schedule 1) 8டி (8d) கட்டத்தில் கழித்தல் குறியுடன் இருக்கிறதா என்று பாருங்கள்.

எஞ்சிய வருமானத்துக்கு வரி அதிகமாகத் தெரிந்தால் மென்பொருளைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். விலக்குத் தொகையையும் சேர்த்த வருமானத்துக்கு வரி கண்டு, விலக்குத் தொகைக்கு மட்டும் வரும் வரியை அதிலிருந்து கழிக்க வேண்டும் என்பதே 2006 முதல் உள்ள முறை. ஆகவே மீதிப் பணம் மேல் அடுக்கின் விகிதத்தில்தான் வரிக்கு உட்படும்.