வால்ஹெய்மில் போர்ட்டலை அணைத்துவிட்டு ஆடப் போகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

2021 பிப்ரவரியில் வால்ஹெய்ம் என்ற வீடியோ கேம் வந்த நாளிலிருந்தே, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நொடியில் தாவவிடும் அதன் போர்ட்டலுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: ஆள் போகலாம், செம்பும் தகரமும் இரும்பும் போகாது. 2023-இல் ஹில்டிர் அப்டேட்டோடு போர்ட்டலையே முழுசாக அணைத்துவிடும் செட்டிங்கும் வந்தது. ஆர்வமாக அணைத்துவிட்டு, கொஞ்ச நாளிலேயே 'நடந்துக்கிட்டே இருக்கேன், போர் அடிக்குது' என்று விட்டுவிடுபவர்கள் பெரும்பாலும் போர்ட்டல் காலத்துப் பழக்கங்களைக் கையோடு கொண்டுவந்தவர்கள்தான்.

முதல் பழக்கம், ஆரம்பித்த இடத்திலேயே அரண்மனை கட்டுவது. வால்ஹெய்ம் உலகம் மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் 10 கிலோமீட்டர் விரிகிறது, அடுத்த சதுப்பு நிலம் கடல் தாண்டி இருக்கலாம். மாளிகைக்கு வெட்டும் கல்லில் நாலு சின்னக் குடிசை போடலாம். ஒவ்வொன்றிலும் ஒரு வொர்க்பெஞ்ச், அடுப்பு, படுக்கை, பெட்டி இருந்தால் போதும். அழகு அப்புறம்.

படுக்கை என்றதும் சொல்லிவிடுகிறேன், அதிகம் பேர் அழுவது இங்கேதான். ஒரு ஆளுக்கு ஒரு நேரத்தில் ஒரு படுக்கைதான் கணக்கு, செத்தால் அங்கேதான் எழுவீர்கள். கப்பலை ஓட்டிக்கொண்டு போய்ச் சதுப்பு நிலத்தில் இறங்கி, இரும்பு கிடைக்கும் கிரிப்ட்டுக்குள் (நிலத்தடிக் கல்லறை) நேரே நுழைந்து ட்ராகர் என்ற நடைப்பிணத்திடம் அடி வாங்கிச் செத்தால், உங்கள் கவசம், ஆயுதம், கப்பல் எல்லாம் அந்தக் கரையில், நீங்கள் மட்டும் கடலுக்கு இந்தப் பக்கம் வீட்டில், வெறுங்கையோடு. போர்ட்டல் இருந்தால் இது சில நிமிட எரிச்சல், இல்லாவிட்டால் அன்றைய சாயங்காலமே போச்சு. இத்தனைக்கும் வொர்க்பெஞ்சுக்கு 10 மரம், படுக்கைக்கு 8 மரம், அவ்வளவுதான் செலவு. மேலே கூரையும் சுற்றி மறைப்பும் இருந்தால்தான் படுக்கையை ஏற்கும் என்பதால் சுவருக்குக் கொஞ்சம் கூடுதல் மரம் வைத்துக்கொள்ளுங்கள். கரை இறங்கியதும் முதல் வேலை இதுதான், சண்டை இரண்டாவது.

அப்படியும் சில சமயம் தவறும், அதற்காகத்தான் இரண்டாவது படகு. கார்வ் என்ற சின்னக் கப்பலுக்கு வேண்டிய 30 ஃபைன் வுட், 10 மான் தோல், 20 ரெசின், 80 வெண்கல ஆணி, இதை ஒரு பெட்டியில் போட்டு வீட்டில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். வேறு எதற்கும் அதில் கை வைக்கக் கூடாது.

சுமைக் கணக்கில் இன்னொரு தவறு. பெரிய கப்பலான லாங்ஷிப்பில் 18 கட்டம், கட்டத்துக்கு 30 வீதம் 540 இரும்பு ஸ்க்ராப் பிடிக்கும், எடையைப் பற்றிக் கப்பலுக்குக் கவலையே இல்லை. ஆனால் கிரிப்ட்டிலிருந்து கப்பல் வரை தூக்கிவர வேண்டியவர் நீங்கள். உங்கள் தாங்கும் எடை 300, ஒரு ஸ்க்ராப்பின் எடை 10, கவசமும் சாப்பாடும் போக ஒரு நடைக்கு முப்பதுகூடத் தேறாது. வியாபாரி ஹால்டரிடம் 950 காசுக்கு விற்கும் பெல்ட் 150 கூட்டிக் கொடுக்கும், போர்ட்டல் இல்லாத ஆட்டத்தில் அதை முதலில் வாங்குங்கள். இரும்பை அங்கேயே உருக்கினால் சுமை குறையும் என்று நினைப்பவர்களும் உண்டு. குறையாது, உருக்கிய கட்டி 12, கூடத்தான் செய்யும். வெண்கலத்துக்கு மட்டும் கணக்கு வேறு: இரண்டு செம்பும் ஒரு தகரமும் சேர்ந்து ஒரே கட்டியாகிவிடும், அதனால் ஃபோர்ஜை (உலோகப் பட்டறை) சுரங்கத்துக்குப் பக்கத்தில் போடுவது லாபம்.

காற்றைப் பார்க்காமல் கிளம்புவதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. எதிர்க்காற்றில் பாய் இழுக்காது, வளைந்து வளைந்து போங்கள் அல்லது படுத்துத் தூங்கிவிட்டுக் காலையில் பாருங்கள்.

பலரும் யோசிக்காத ஒன்று பாஸ் சக்தி, அதாவது பெரிய எதிரிகளை வென்றால் கிடைக்கும் சிறப்புச் சக்தி; ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வைத்திருக்கலாம். அதை மாற்ற உலகத்தின் நடுவில், நீங்கள் முதன்முதலாக வந்து விழுந்த அந்தக் கற்களுக்கே திரும்ப வேண்டும். போர்ட்டல் இருந்தால் கடலுக்கு மோடர், சண்டைக்கு போன்மாஸ் என்று மாற்றி மாற்றி எடுக்கலாம். இல்லாதபோது எடுத்ததோடு வாரக்கணக்கில் குடித்தனம் நடத்த வேண்டியதுதான். என்னைக் கேட்டால் மோடர். ஐந்து நிமிடம் பின்காற்று கிடைப்பது, போன்மாஸ் தரும், அடி குறைவாக விழும் வசதியைவிடப் பெரிது.

இதில் கிடைப்பது என்ன என்று கேட்டால், ஒவ்வொரு கரையும் நினைவில் நிற்கும், கிளம்பும் முன் என்ன எடுப்பது என்று யோசிப்பதே ஆட்டமாகிவிடும். போவது நேரம், நிறைய நேரம், அதில் பாதி சும்மா சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் என்றால் சாதாரண செட்டிங்கிலேயே விடுங்கள், உலோகத்துக்குத் தடை அதிலும் இருப்பதால் கடல் பயணம் எப்படியும் உண்டு. செட்டிங்கைப் பிறகும் மாற்றிக்கொள்ளலாம். நண்பர்களோடு ஆடுபவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: புதிதாகச் சேர்பவர் உலகத்தின் நடுவில்தான் வந்து விழுவார், நீங்கள் எல்லோரும் நாலு கடல் தள்ளி இருப்பீர்கள். போய் அழைத்து வர ஆள் யார் என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.