தாழ்வாரத் தொட்டியில் கறிவேப்பிலை

கறிவேப்பிலை வைக்கப் போகிறேன் என்று வருகிறவர்கள் முதலில் என்ன உரம் போடலாம் என்றுதான் கேட்கிறார்கள். உங்கள் வாசலில் வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். தினமும் நாலைந்து மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அது இல்லாத தாழ்வாரத்தில் செடி சாகாது, ஆனால் ரசத்துக்குக்கூட இலை தேறாது. சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசல் மேற்குப் பார்த்தது. மாலையில் வீடு கொதிக்கும், செடிக்குக் கொண்டாட்டம்.

விதையிலிருந்து வளர்க்கலாம். பழுத்துக் கறுத்த பழத்தின் சதையைக் கழுவிவிட்டு உடனே ஊன்ற வேண்டும், காய வைத்த விதை பெரும்பாலும் முளைக்காது. இதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால் நர்சரியில் கன்றே வாங்குங்கள். உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். குட்டையாக, தண்டு தடித்து, கிளை விட்டிருப்பதை எடுங்கள்.

தொட்டி ஓரடி அகலம் இருந்தால் போதும், அடியில் துளைகள் அவசியம். பையில் விற்கும் கறுப்பு மண்ணை அப்படியே நிரப்பினால் நம் ஊர் ஈரத்தில் சொதசொதவென்று நிற்கும். சுட்ட மண்ணோ, பெர்லைட் என்கிற இலேசான வெள்ளைக் குருணையோ தாராளமாகக் கலந்துகொள்ளுங்கள். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். அடித்தட்டில் தேங்கியதை அன்றே கொட்டிவிடுங்கள். மேல்மண் இறுகினாலும் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடும், பழைய முள்கரண்டியால் கிளறி விடுங்கள். டெங்கி சோதனைக்கு வரும் அதிகாரிகளின் கண் முதலில் தொட்டித் தட்டுக்குத்தான் போகும்.

தொட்டியை வெளிச்சுவர் மேல் வைக்கவே கூடாது. தாழ்வாரத்தில் நடக்க 1.2 மீட்டர் இடம் விட்டு, சுவரை ஒட்டித் தரையில் வையுங்கள்.

சரி, இனிதான் முக்கியமான விஷயம். அடுப்பில் கடுகு வெடிக்கும்போது ஓடி வந்து, கைக்கு எட்டிய இணுக்கை உருவிக்கொண்டு போவதுதான் நம் வழக்கம். இப்படியே உருவினால் தண்டு மொட்டையாகி, உச்சியில் மட்டும் நாலு இலையோடு கொடிக்கம்பம் மாதிரி நிற்கும். செடி முழங்கால் உயரம் வந்ததும் கத்தரிக்கோலை எடுத்து, ஓர் இலைக்காம்புக்குச் சற்று மேலே நுனித்தண்டையே வெட்டுங்கள். மனசு வராதுதான். வெட்டிய இடத்துக்குக் கீழே, காம்பு தண்டோடு சேரும் கக்கத்தைக் கவனியுங்கள். கடுகளவு பச்சை மொட்டு உப்பி வரும். சில வாரங்களில் ஒரு தண்டு இருந்த இடத்தில் இரண்டு மூன்று கிளை நிற்கும். அப்புறம் சமையலுக்கு எடுப்பதையும் அதே மாதிரி கிளை நுனியிலேயே எடுங்கள், ஒரே நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பூங்கொத்து வந்தால் கிள்ளிவிடுங்கள், நமக்கு வேண்டியது இலை.

இலைமேல் பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால் துடைக்கும் முன் உற்றுப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கும். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி என்பதால் தேடி வந்து முட்டையிடுகிறது. வளர்ந்தால் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பை நீட்டும், நெடி மூக்கில் ஏறும். சின்னச் செடியை மொட்டையடித்துவிடும் என்பதால் நான் பிடித்து என் எலுமிச்சையில் விடுகிறேன். பக்கத்து வீட்டு எலுமிச்சையில் விடாதீர்கள், உறவு கெடும்.

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. ஆனால் முதலில் தண்ணீர் வடிகிறதா என்று பாருங்கள். புளித்த மோர் ஊற்றச் சொல்வார்கள். நான் ஊற்றுவதில்லை, பொதுத் தாழ்வாரத்தில் அந்த வாடை அடுத்த வீட்டுக்கும் போகும்.

தொட்டி ஓரத்தில் வேரிலிருந்து பக்கக் கன்று கிளம்பினால், அதற்கென்று கொஞ்சம் வேர் பிடித்தபின் பிரித்தெடுங்கள். ஒரு வாரம் நிழலில் வைத்துவிட்டு வெயிலுக்கு நகர்த்தலாம்.