பழைய காரை வீட்டில் சமையலறையை நீட்டுவது எப்படி?

எங்கள் வீடு கும்பகோணம் பக்கம். சுண்ணாம்புக் காரைச் சுவர், மெட்ராஸ் டெரஸ் தளம். அதாவது தேக்குக் கட்டைகள், அதன்மேல் குத்துவாட்டில் செங்கல், செங்கல் ஜல்லி, தட்டோடு (தட்டை ஓடு). பின்கட்டுச் சமையலறையைக் கொல்லைப்பக்கம் நீட்டி முடித்தாயிற்று. பிளான், அனுமதி, எஸ்டிமேட் எல்லாம் உங்களுக்கே தெரியும், நேரே வேலைக்கு வருகிறேன்.

1. தேக்குக் கட்டைகளின் முனை எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். அந்தச் சுவரை முட்டுக் கொடுக்காமல் தொடவே கூடாது. கொல்லைக் கதவு இருக்கும் இடத்தையே வழியாக வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி குறையும்.

2. வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும் முன் ஓர் ஓரத்தில் சின்னக் குழி எடுத்து, பழைய கடைக்கால் (அஸ்திவாரம்) எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். அதை ஒட்டி அதைவிட ஆழமாகத் தோண்ட விடாதீர்கள். புதுத் தூண்களை இரண்டடி தள்ளி வைத்து, கூரைத் தளத்தை மட்டும் பழைய சுவர் பக்கம் நீட்டச் சொல்லுங்கள்.

3. இணைப்பு. இதில்தான் வீடே மாட்டும். பழைய சுவரைக் கொத்திப் புதுத் தளத்தை அதில் உட்கார வைப்பார் மேஸ்திரி, "கம்பி விட்டா ஸ்ட்ராங்கா இருக்கும் சார்" என்பார். வேண்டாம். பழைய வீடு அமுங்க வேண்டியதெல்லாம் எப்போதோ அமுங்கிவிட்டது, புதுசு இனிமேல்தான் அமுங்கும், இரண்டையும் கட்டிப்போட்டால் விரிசல் நிச்சயம், ஐப்பசி மழையில் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும். நடுவில் ஓர் அங்குலத் தெர்மாகோல் வைத்துக் கான்கிரீட் போடுங்கள். அப்புறம் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு ஃபோம் கயிறு, அதன்மேல் இடைவெளியை அடைக்கும் பாலியூரிதேன் சீலன்ட். சிலிக்கான் எனக்குப் பிடிக்காது, பெயின்ட் அதில் ஒட்டாது. புதுத் தளத்தின் ஓரத்தில் நாலங்குலத் திண்டு கட்டி, பழைய சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டிச் செருகிய அலுமினியத் தகடு அதை மூடித் தொங்க வேண்டும். தகட்டைத் திண்டில் ஆணி அடித்துவிடாதீர்கள், அடித்தால் இடைவெளி விட்டதே வீண்.

4. பழைய சுவருக்குச் சிமென்ட் பூச்சு கூடவே கூடாது, ஓதம் (ஈரம்) உள்ளேயே நின்று உப்புப் பூத்து உதிரும். சுண்ணாம்பு ஒன்றுக்குச் சலித்த மணல் மூன்று, கடுக்காய், வெல்லத் தண்ணீர். மேலே வெள்ளை அடித்தால் போதும்.

5. சிங்க், அடுப்பு இரண்டும் புதுப் பகுதிக்கே போகட்டும், பழைய அறையில் மளிகையும் சாப்பாட்டு மேஜையும். மேடை 33 அங்குலம், மேலே கறுப்பு கிரானைட். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, அதனால் தரையை ஒட்டியும் ஒரு காற்றுவழி வேண்டும். ஆத்தங்குடிக் கல்லை (செட்டிநாட்டுச் சிமென்ட் தரையோடு) பழைய அறையில் போடுங்கள், அடுப்படியில் எலுமிச்சையும் புளியும் சிந்தினால் கறை போகாது.

பின்சேர்க்கை: காரைச் சுவரில் அலமாரி மாட்டினால் ஆணி பிடிக்கவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் பிளக் காரைப் பூச்சில் நிற்காது. தரையில் கால் ஊன்றி நிற்கும் அலமாரியாகச் செய்யுங்கள், சுவரிலிருந்து இரண்டங்குலம் தள்ளி.