தலைவர் மனம் திறக்கும்போது சறுக்கும் இடங்கள்

2020 மார்ச்சில் கொரோனாவால் ஹோட்டல்கள் காலியாகிக்கொண்டிருந்தபோது, மாரியட் குழுமத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஆர்னி சோரன்சன் ஊழியர்களுக்காக ஒரு வீடியோவில் பேசினார். கணையப் புற்றுநோய்க்கான சிகிச்சையில் அவருக்குத் தலைமுடி உதிர்ந்திருந்தது. இந்தத் தோற்றத்தில் வர வேண்டுமா என்று தன் குழுவினர் தயங்கியதை அவரே சொன்னார். உடல்நிலைப் பேச்சு சில வரிகளோடு சரி. மற்றதெல்லாம் நிறுவனத்தின் நிலைமை. 2001 செப்டம்பர் தாக்குதலும் 2009 நிதி நெருக்கடியும் சேர்ந்து அடித்ததைவிடப் பெரிய அடி இது. ஆண்டு முடியும்வரை தனக்குச் சம்பளம் கிடையாது, உயர் நிர்வாகிகளுக்குப் பாதிச் சம்பளம். ஊழியர்களின் பிழைப்பே அடிபடுவதைச் சொல்லும் இடத்தில்தான் அவர் குரல் தழுதழுத்தது.

அடுத்த ஆண்டு டிசம்பரில், அமெரிக்க வீட்டுக்கடன் நிறுவனமான பெட்டர்.காமின் தலைவர் விஷால் கர்க் ஒரே ஜூம் அழைப்பில் சுமார் 900 பேரை வேலையிலிருந்து நீக்கினார். இதைச் செய்யத் தனக்கு விருப்பமே இல்லை என்றும், முன்பு ஒருமுறை செய்தபோது அழுதுவிட்டதாகவும் அந்த அழைப்பிலேயே சொன்னார். பதிவு வெளியே வந்ததும் பெரிய கொந்தளிப்பு. மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கி இருக்க வேண்டியதாயிற்று.

இருவருமே உணர்ச்சியை மறைக்கவில்லை. ஆனால் முதலாமவர் தன் பங்கு இழப்பை முதலில் எடுத்து வைத்தார். இரண்டாமவர், அந்த நிமிடம் வேலை போனவர்களிடமே தன் வருத்தத்தை நீட்டினார். தலைவர்கள் மனம் திறந்து பேச வேண்டும் என்று இப்போது நிர்வாகப் பயிற்சிகளில் சொல்லித்தருகிறார்கள், நல்லதுதான். பேசி முடித்தபின் கேட்டவர் தோளில் பாரம் ஏறியதா, இறங்கியதா என்று பார்க்கவும் சொல்லித்தர வேண்டும். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் நடக்கின்றன.

இழவு வீட்டுக்குப் போய்த் தன் தலைவலியைச் சொல்லக் கூடாது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுத்த மாதக் கடைசியில், அங்கே எண்ணெய்க் கிணறு தோண்டிய பிபி நிறுவனத்தின் தலைவர் டோனி ஹேவர்ட், இது எப்போது முடியும், தன் பழைய வாழ்க்கை திரும்பக் கிடைக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். களைத்துப்போன மனிதர் உண்மையைத்தான் சொன்னார். ஆனால் 11 குடும்பங்களுக்கு எந்த வாழ்க்கையும் திரும்பப் போவதில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் அவர் பதவியில் இல்லை.

ஜப்பானின் யமாயிச்சி பங்குத் தரகு நிறுவனம் 1997 நவம்பர் 24 அன்று இழுத்து மூடப்பட்டதாக அறிவித்த ஷோஹெய் நொஸாவாவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தலைவராகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. நிறுவனத்தைக் கவிழ்த்தது மறைத்து வைத்த நஷ்டம், அது அவருக்கு முந்தையவர்கள் செய்த வேலை. ஆனாலும் கேமராக்கள் முன் எழுந்து நின்று, தப்பு எங்களுடையது, ஊழியர்கள் மேல் தப்பே இல்லை என்று விம்மி அழுதார். அவர்களுக்கு வேறு வேலை கிடைக்க உதவுங்கள் என்று கேட்டுக்கொண்டார். எனக்கு இந்தக் காட்சியை மறக்க முடியவில்லை. அவர் அழுதது தனக்காக அல்ல.

தப்பை ஒப்புக்கொள்வதாலேயே கணக்குத் தீர்ந்துவிட்டதாக நினைப்பது இன்னொரு சறுக்கல். 2011இல் கட்டணத்தை 60 சதவீதம் உயர்த்திய நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், செப்டம்பரில் தான் சொதப்பிவிட்டதாக வெளிப்படையாக எழுதினார். ஆனால் கட்டணம் குறையவில்லை. அதே கடிதத்தில், டிவிடி சேவையை க்விக்ஸ்டர் என்று தனியாகப் பிரிக்கும் திட்டம் வேறு. வாடிக்கையாளரின் எரிச்சல் இரட்டிப்பானது. மூன்று வாரத்தில் க்விக்ஸ்டர் கைவிடப்பட்டது. அந்தக் காலாண்டில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 8 லட்சம் சந்தாதாரர்கள் போயிருந்தார்கள்.

திறமை தெரிவதற்கு முன்பே குறையைப் பரப்பிவைப்பதும் வேண்டாம். சமூக உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1966இல் செய்த சோதனையில், வினாடி வினாவில் அசத்திய ஒருவர் தன்மேல் காபியைக் கொட்டிக்கொண்டபோது, ஒலிப்பதிவில் அதைக் கேட்டவர்களுக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது. சுமாராகப் பதில் சொன்னவர் கொட்டியபோது இருந்த மதிப்பும் குறைந்தது. புதிதாகப் பொறுப்பேற்றவர் முதல் கூட்டத்திலேயே "எனக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது" என்பது பணிவாகத் தோன்றலாம், ஆனால் கேட்கும் ஊழியருக்கு வயிற்றைக் கலக்கும்.

பயத்தைப் பச்சையாகக் கொட்டுவதும் அப்படித்தான். "அடுத்த மாதம் சம்பளம் போட முடியுமா என்றே தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு நீங்கள் அறைக்குள் போய்விடுவீர்கள். வெளியே வாடகையும் மாதத் தவணையும் கட்டுகிறவர் அன்றிரவு தூங்கமாட்டார். அந்தப் பயத்தை முதலில் கூட்டாளியிடமோ ஆடிட்டரிடமோ பழைய நண்பரிடமோ பேசிவிடுங்கள். ஊழியர்களிடம் வரும்போது கையில் எவ்வளவு இருக்கிறது, எந்தத் தேதிக்குள் முடிவு தெரியும், அதுவரை அவர்கள் என்ன செய்யலாம் என்ற மூன்றும் கையோடு இருக்கட்டும். நிலைமையை மறைக்கச் சொல்லவில்லை. மறைத்தால் அவர்கள் வேறு வேலை தேடும் நாட்களும் அல்லவா பறிபோகும்?

எல்லாவற்றிலும் எனக்குக் கோபம் வருவது ஒன்றுக்குத்தான். தலைவர் தன் தோல்விக் கதையை மேடையில் உருக்கமாகச் சொல்வார், கீழே ஒருவர் தன் தப்பை ஒப்புக்கொண்டால் கடித்துக் குதறுவார். ஆலன் முலாலி 2006இல் ஃபோர்டு கார் நிறுவனத்துக்குத் தலைவராக வந்தபோது வாராந்தரக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தன் வேலையின் நிலையைப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் காட்ட வேண்டும் என்றார். எல்லாம் பச்சையாகவே வந்தன. நிறுவனமோ அந்த ஆண்டு 1,200 கோடி டாலருக்கு மேல் நஷ்டப்பட்டது. ஒரு வியாழக்கிழமை, உயர் நிர்வாகிகளில் ஒருவரான மார்க் ஃபீல்ட்ஸ், எட்ஜ் காரின் வெளியீடு ஒரு கோளாறால் நிற்கிறது என்று சிவப்பைக் காட்டினார். அறை அமைதியானது, இவர் கதை முடிந்தது என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். முலாலி கைதட்டினார். இவருக்கு யார் உதவ முடியும் என்று கேட்டார். அங்கேயே உதவிக்கு ஆட்கள் கிடைத்தார்கள்.

அதன்பின் மற்றவர்களின் அட்டைகளிலும் மஞ்சளும் சிவப்பும் வரத் தொடங்கின. 2014இல் முலாலி விலகியபோது அவர் நாற்காலிக்கு வந்தவர் அதே மார்க் ஃபீல்ட்ஸ்.